திரைமறைவு வக்காலத்து

கூலிக்கு மாரடிப்பது நம் நாட்டில் பழைய தொழில். ஆனால் அதில் மோசடி கிடையாது. ஒப்பாரி வைப்பவள் கூலி பெற்றவள் என்பதை இழவு வீட்டில் கூடிய அனைவரும் அறிவர். கூலி கொடுத்தவன் இன்னான் என்பதை மறைத்து, அவனுடைய குரலையே ஜனங்களின் குரலாகக் காட்டும் வித்தை இக்காலத்தது. பொதுஜனத் தொடர்பு என்னும் பெயரால் உலகெங்கும் நடைபெறும் தொழிலில் இவ்வித்தை புகுந்தால் விளையும் கேடு எத்தகையது என்பதற்குத் தென்னாப்பிரிக்கா சாக்ஷி கூறுகிறது.

1994-ஆம் ஆண்டில் அந்நாட்டில் எல்லா இனத்தாரும் வாக்களித்த முதல் தேர்தல் நடந்தது. வாக்குரிமை வந்தது, நிலமும் தொழிலும் பெரும்பாலும் வெள்ளையர் கையிலேயே தங்கின. கறுப்பின மக்களின் இக்குறை கற்பனையன்று, கண்கூடு. இந்த உண்மைக் குறையைத்தான் லண்டனிலிருந்த பெல் பாட்டிஞ்சர் என்னும் கம்பெனி தன் கக்ஷிக்காரருக்குக் கேடயமாக்கிற்று. அக்கக்ஷிக்காரர், சஹாரன்பூரிலிருந்து சென்று அங்கே பெருஞ்செல்வம் ஈட்டிய குப்தா குடும்பத்தார். அப்போதைய ஜனாதிபதி ஜேக்கப் ஜூமாவின் நட்பைக்கொண்டு மந்திரி நியமனங்களிலும் சர்க்கார் காண்டிராக்டுகளிலும் தலையிட்டனர் என்ற பலத்த குற்றச்சாட்டு அவர்கள்மீது எழுந்திருந்தது. 2016-ஆம் ஆண்டில் மாதம் 1 லக்ஷம் பவுன் பேசி, கம்பெனி வேலையை ஏற்றது. குற்றச்சாட்டுக்கு விடை கூறுவதற்குப் பதிலாக, 'வெள்ளையர் ஏகபோக மூலதனம்' என்ற கோஷம் சமூக வலைத்தளங்கள் எங்கும் ஒலித்தது. கேள்வி கேட்டவர்கள் ஏகபோகத்தின் கையாட்கள் என்று தூற்றப்பட்டனர்.

உண்மை வெளிவந்தது. அந்நாட்டின் அப்போதைய எதிர்க்கட்சியான ஜனநாயகக் கூட்டணி, இங்கிலாந்திலுள்ள தொழிற்சங்கத்திடம் முறையிட்டது. 2017 செப்டம்பரில் சங்கம் அக்கம்பெனியைக் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு விலக்கி வைத்தது. கக்ஷிக்காரர்கள் விலகினர், அம்மாதத்திலேயே கம்பெனி முறிந்தது.

தண்டனைதான் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன என்று சிலர் கேட்கலாம். முறிந்தது ஒரு கம்பெனி மட்டுமன்று. இனி ஏழைக் கறுப்பனொருவன் தன் வறுமையை எடுத்துரைத்தால், 'உனக்குக் கூலி தந்தவன் யார்?' என்று செல்வன் நகைப்பதற்கு இடம் உண்டாகிவிட்டது. ஒரு ஜனசமூகத்தின் நியாயமான குறையையே கறைப்படுத்துவதைவிடப் பெரிய துரோகம் வேறென்ன இருக்க முடியும்?

இத்தொழிலினர் தங்களை வக்கீல்களுக்கு ஒப்பிட்டுக்கொள்வதுண்டு. குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கும் பரிந்து பேச ஒருவர் வேண்டும் என்பர். உண்மையே. ஆயினும் வக்கீல் வக்காலத்து தாக்கல் செய்து, பகிரங்கமான கோர்ட்டில் நின்று வாதாடுகிறார். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை செய்கிறார். நீதிபதி இருதரப்பையும் கேட்கிறார். பொதுஜனத் தொடர்பாளர் பேசும் கோர்ட்டில் நீதிபதி பொதுஜனமே. வழக்கு நடப்பதே அந்நீதிபதிக்குத் தெரியாதபடி வாதாடுவது வக்காலத்தல்ல, வஞ்சனை.

இத்தர்மம் புதிதுமன்று. இத்தொழிலின் முன்னோடிகளுள் ஒருவரான அமெரிக்கர் ஐவி லீ, தம் வேலை ஒளிவுமறைவின்றி நடைபெறும், யாருக்காகச் செய்கிறோம் என்பதும் தெரிவிக்கப்படும் என்று 1906-லேயே பத்திராதிபர்களுக்கு உறுதி கூறினார். அவரே 1914-ஆம் ஆண்டில் கொலராடோ சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, முதலாளிகள் தந்த தகவல்களை ஆராயாமல் அச்சிட்டுப் பரப்பியதை விசாரணைக் கமிஷன் முன் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. வாக்குறுதி எழுதிய கையே வழுக்குமானால், சங்க விதிகள் மட்டும் காப்பாற்றுமென்று நாம் எங்ஙனம் நம்புவது?

ஆகவே, பொறுப்பு நம்மையும் சார்ந்தது. ஒவ்வொரு பிரசாரத்திலும் பணம் யாருடையது என்பது முகப்பிலேயே விளங்க வேண்டும். கூலி பெற்று எழுதப்பட்ட அறிக்கையைச் செய்தியென்று வெளியிடும் பத்திரிகை அவ்வஞ்சனைக்கு உடந்தையாகும். நமக்குப் பிரியமான கோஷத்தை ஒருவன் முழங்கும்போதுதான் தேச ஊழியர்கள் மிகுந்த எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். எதிரியின் சொல்லை நாம் ஆராய்கிறோம்; நம் சொல்லைப் பேசுபவனை ஆராய்வதில்லை. பெல் பாட்டிஞ்சர் அறிந்திருந்த இரகசியம் அதுவே. மேடையில் பேசுபவனைக் கேட்பதோடு நில்லாமல், திரைக்குப் பின்னால் நிற்பவன் யாரென்றும் கேட்போமாக.