கண்ணாடிக் குழாய் பொய் சொல்லும்

எங்க ஜவ்வாது மலையில் குளிருக்கு வெந்நீர் என்றால் திறந்த பானைதான். ஆவி தானாய்ப் போய்விடும். மூடிய பாய்லரில் போகாது. தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு விரியும் என்பதை, எங்க குடும்பத்திலேயே முதலில் படிக்க வந்த நான் இங்கேதான் அறிந்தேன்.

"வருஷா வருஷம் இன்ஸ்பெக்டர் சர்டிபிகேட் தர்றாரே, அப்புறமென்ன?" என்கிறார்கள். எனக்குச் சம்மதமில்லை. தண்ணீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயின் வழி அழுக்கால் அடைபட்டால், பாய்லர் வற்றினாலும் குழாயில் தண்ணீர் நிற்கும். ஷிப்டுக்கு ஷிப்ட் அதன் அடி வால்வைத் திறந்து மூடி, தண்ணீர் சட்டென்று மறுபடி ஏறுகிறதா என்று பார்க்கணும். மட்டமே தெரியலையா? பதறிப்போய்த் தண்ணீர் ஏற்றாதீர்கள். முதலில் தீயை நிறுத்துங்கள். இதெல்லாம் ஃபயர்மேன் வேலை, டிப்ளமோக்காரனுக்கு எதுக்கு என்ற பேச்சு வேறு!

2020 ஜூலை 1-ல் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் வெடித்து அன்றே ஆறு பேர் இறந்தார்கள். அது இராட்சத பாய்லர், விவரம் வேறு. ஆனால் பலியானவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் உண்டு. அந்த மாதிரி வேலைக்குத்தான் நாமும் மனுப் போடப் போகிறோம்.