பனியன் கம்பெனியில் மகளுக்குப் பங்கில்லையா?

திருப்பூரில் அத்தா தொடங்கிய பனியன் கம்பெனி, அவர் வஃபாத்தானதும் ‘அண்ணன் தம்பி கம்பெனி’ ஆகிவிடுகிறது. சகோதரிகள் கேட்டால், “நிக்காஹுக்கு நகை போட்டோமே!” என்கிறார்கள். சகோதரர்களே, அத்தா உயிரோடிருக்கையில் மகளுக்கு மனமுவந்து கொடுத்தது அன்பளிப்பு. வாரிசுரிமையோ அவருடைய மரணத்துக்குப் பின்னரே பிறக்கிறது. ஒன்றை மற்றொன்றில் கழிக்க உங்களுக்கு அதிகாரமளித்தவர் யார்?

சூரத்துந் நிஸாவின் 7ஆம் வசனம், சொத்து குறைவாயினும் அதிகமாயினும் பெண்ணுக்குப் பங்குண்டு என்கிறது. 11ஆம் வசனம் அளவையும் வரையறுக்கிறது. கடனும் வஸிய்யத்தும் தீர்ந்தபின் எஞ்சுவதில் வீடு மட்டுமா உண்டு? ஓவர்லாக் இயந்திரமும், கிடங்கிலுள்ள நூலும், வரவேண்டிய ஏற்றுமதிப் பணமும் அதில் அடங்கும்.

“தொழிலை வளர்த்தது நாங்கள்” என்பது அடுத்த வாதம். நீங்கள் பங்குதாரர்களாயின் உங்கள் பங்கு உங்களுக்கே. அத்தாவின் பங்கைப் பற்றியே பேச்சு. அதுவுமன்றி, வீட்டுத் திண்ணையில் இரவெல்லாம் பிசிறு வெட்டி மடித்துக் கட்டிய சகோதரியின் கூலியை எந்தப் பேரேட்டில் எழுதினீர்கள்?

ஹஜ்ஜுக்குப் புறப்படுமுன் ஊரெல்லாம் சென்று மன்னிப்புக் கேட்கிறோம். சகோதரியின் வீட்டுக்கும் செல்கிறோம். கம்பெனியின் ஐந்தொகையை மட்டும் எடுத்துச் செல்வதில்லை.