அழகு வாணிபமும் அறியும் உரிமையும்

மார்பகத்தைப் பெருப்பிக்கும் சத்திரசிகிச்சையை நாடும் பெண்ணைப் பழித்தல் நம் நோக்கமன்று. அவள் உடலிற் குறை கற்பித்து, அக்குறை தீர்க்க விலையும் குறிக்கும் வாணிபத்தையே நாம் சாடுகின்றோம்.

பிரான்சிய நிறுவனமான பொலி இம்பிளான்ற் புரோதீஸ் செய்ததென்ன? மருத்துவத்திற்குரிய சிலிக்கோனை விடுத்து, மலிவான கைத்தொழிற் சிலிக்கோனைப் பைகளில் அடைத்து விற்றது. 2010இல் மோசடி அம்பலமானபோது, உலகெங்கும் ஏறத்தாழ 3,00,000 பெண்கள் அப்பைகளை நெஞ்சிற் சுமந்திருந்தனர். நிறுவனர் 2013இல் சிறைத்தண்டனை பெற்றார். இலாபத்திற்காகச் செய்த வஞ்சனையோ பெண்ணுடலில் எஞ்சியது.

நேர்மையாகச் செய்யப்பட்ட பையும் ஆயுள் முழுவதும் நிலைப்பதன்று. அது கிழியலாம், சுற்றிலும் தழும்பு இறுகி நோவு தரலாம், மீண்டும் கத்தி வைக்க நேரலாம். சொரசொரப்பான பைகளோடு அரிய நிணநீர்ப் புற்றுநோயொன்றும் தொடர்புபட்டுள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் சிலிக்கோன் பை முதன்முதற் பொருத்தப்பட்டது 1962இல். இவ்வபாயங்களை முன்கூட்டியே பெண்ணுக்கு உணர்த்தாமல் விற்றலாகாது என்று அரசு கட்டளையிட்டதோ 2021இல்!

எவர் செய்த பை? எத்தனை ஆண்டு தாங்கும்? மீள்சிகிச்சைச் செலவு யாருடையது? இவற்றுக்கு எழுத்தில் விடை தராது பெறும் ஒப்பம் சம்மதமன்று, வஞ்சகமே.