பால் பல்லுக்கு வலிக்காதாம்... என்ன நியாயம்யா இது?

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். நாகூர்ல ரெண்டு நாள் வாடாவும் தம்ரூட்டுமா தின்னுட்டு, பெங்களூர் திரும்பி பொட்டி தட்டலாம்னு திட்டம். ராத்தா மகளுக்கு வயசு 6. கீழ்க் கடவாப்பல் சொத்தை, ராத்திரி பூரா அழுகை. காலைல பக்கத்து ஊர் கிளினிக் ஒண்ணுக்குத் தூக்கிட்டுப் போனோம்.

"பால் பல்லுதானே, ஊசி எதுக்கு? கையக் கால பிடிச்சுக்குங்க, ஒரே செகண்ட்!"

பிடிச்சுக்கிட்டோம். அதுல நானும் ஒருத்தன். இப்ப பல் விளக்கக்கூட வாயைத் திறக்க மாட்டேங்குறா. என்னைக் கண்டா உள்ள ஓடிடறா :-(

"சின்னப்புள்ள, மறந்துடும்"னு உம்மா சொல்றாங்க. உம்மாவை மட்டும் குத்தம் சொல்ல முடியாது மக்களே. பச்சைக் குழந்தைக்கு வலி அவ்வளவா தெரியாதுன்னு நம்பி, 1980கள் வரைக்கும் மேல்நாட்டு ஆஸ்பத்திரிகள்லயே சரியான மயக்க மருந்து இல்லாம ஆபரேஷன் பண்ணியிருக்காங்க. அது தப்புன்னு 1987ல லான்செட் இதழ்ல ஆய்வோட காட்டினவர்கள்ல முதன்மையானவர் கன்வல்ஜீத் ஆனந்த். இந்தியாவுல மருத்துவம் படிச்சுட்டு ஆக்ஸ்ஃபோர்டு போனவர். அதுக்கப்புறமும் நாம "பிடிச்சுக்குங்க"லயே நிக்கிறோம்.

மருந்து இல்லையா? லிடோகைனை ஸ்வீடன்ல 1943ல கண்டுபிடிச்சாச்சு, 1948ல விற்பனைக்கும் வந்தாச்சு. நமக்கு சுதந்திரம் கிடைச்ச மறுவருஷம்! விலையும் ஒண்ணும் யானை விலை இல்ல.

அடுத்து வர்ற சப்பைக்கட்டுகளைப் பார்ப்போம்.

"ஊசியே வலிக்குமே?" - ஈறை நல்லா துடைச்சுட்டு மரத்துப்போற ஜெல் தடவி, ஒண்ணு ரெண்டு நிமிஷம் காத்திருக்கணும். அப்புறம் மெல்லிசான ஊசியில மெதுவா, மெதுவா மருந்தை இறக்கணும். வலி அதிகமாறது பெரும்பாலும் அவசரத்தாலதான். வேர் கரைஞ்சு ஆடிக்கிட்டிருக்கிற பல்லுக்கு ஜெல் மட்டுமே போதும். ஆடாத பல்லுக்குப் போதாது, ஊசி வேணும். கீழ்க் கடவாப்பல்னா தாடை நரம்பையே மரத்துப்போக வைப்பாங்க. ஆர்டிகைன்னு இன்னொரு மருந்து இருக்கு, பல்லுக்குப் பக்கத்துல போட்டாலே பல நேரம் வேலை செய்யும். ஆனா 4 வயசுக்குக் கீழே பரிந்துரைக்கிறதில்ல.

"மயக்க ஊசி ஆபத்தாச்சே?" - மயக்கமே இல்லைங்க, புள்ள முழிச்சுக்கிட்டேதான் இருக்கும். அளவுதான் முக்கியம். லிடோகைன் கிலோவுக்கு 4.4 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாதுன்னு குழந்தைப் பல் மருத்துவர்கள் கணக்கு வெச்சிருக்காங்க. 15 கிலோ குழந்தைன்னா 66 மில்லிகிராம். 2 சதவீத மருந்துல ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம். ஆக மூணு மில்லி சொச்சம்தான் உச்சவரம்பு. ஒரு பல்லுக்குப் பொதுவா 1.8 மில்லி குப்பி ஒண்ணே தாராளம். எடை பார்க்காம ஊசியை எடுத்தா, "எடை எவ்வளவுன்னு பாத்தீங்களா டாக்டர்?"னு கேளுங்க.

"சீழ் வெச்சா மருந்து பிடிக்காதே?" - உண்மைதான், அந்த இடத்துல அமிலத்தன்மை கூடுறதால மருந்து சரியா ஏறாது. அதுக்காக மரக்காமலே பிடுங்கணுமா? தள்ளி நரம்புல போடலாம், இல்ல முதல்ல சீழைச் சரி பண்ணலாம். புள்ள கையைத் தூக்கினா நிறுத்தணும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் தினம் ஒழுங்கா செய்யற டாக்டர்கள் நம்ம பக்கம் நிறைய பேர் இருக்காங்க. என் கோபம் மத்தவங்க மேல. அதைவிட, கேள்வி கேக்காம காலைப் பிடிச்ச என் மேல. ஆபீஸ்ல ஒரு வரி கோடு மாத்தினாலே ஆயிரம் கேள்வி கேக்கறவன், அங்க வாயைத் திறக்கலையே!

கடைசியா ரெண்டு. ஊசி போட்டப்புறம் ரெண்டு மூணு மணி நேரம் உதடு மரத்திருக்கும், புள்ள கடிச்சுக்காம பாத்துக்குங்க. அப்புறம், "சேட்டை பண்ணினா ஊசி போட்டுடுவாங்க"ன்னு வீட்ல மிரட்டறதை இன்னையோட விடுங்க. வலியைக் குறைக்கிற ஊசியை பூச்சாண்டியாக்கினது நாமதான்.