தரை ஓடினாலும் விமானம் எழும்

மாணவர்களே, ஃபேரர் பார்க்கில் ரேஸ் கோர்ஸ் சாலை வழியாக நடந்திருப்பீர்கள். அந்தப் பெயருக்குக் காரணமான குதிரைப் பந்தயத் திடலில்தான், 1911 மார்ச் 16 அன்று, பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோசப் கிறிஸ்டியன்ஸ் சிங்கப்பூரில் முதன்முதலாக விமானம் ஓட்டினார். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்த ராஸ் ஸ்மித் குழுவினர் 1919 டிசம்பர் 4 அன்று இறங்கியதும் அங்கேதான். விமானத்துக்கு அந்தத் திடல் சிறியது.

அந்தத் தரை முழுவதும் ஒரு டிரெட்மில் என்று வைத்துக்கொள்வோம். விமானம் எவ்வளவு வேகமாக முன்னே போகிறதோ, பட்டை அதே வேகத்தில் பின்னே ஓடுகிறது. விமானம் எழுமா?

"எழாது, நின்ற இடத்திலேயே நிற்கும்" என்பீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் வகுப்பில் அப்படித்தான் சொன்னேன். "சார், விமானத்தின் சக்கரத்தைச் சுற்றுவது எது?" என்று ஒரு மாணவி கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள் அதே வகுப்பில் என் தவற்றைத் திருத்தினேன்.

காரின் இயந்திரம் சக்கரத்தைச் சுற்றுகிறது. சக்கரம் தரையைப் பின்னே தள்ளுகிறது. விமானத்தின் சக்கரத்துக்கு அந்த வேலை இல்லை. அது வெறுமனே உருள்கிறது. விமான இயந்திரம் பின்னே தள்ளுவது காற்றை. தரை எப்படி ஓடினாலும் காற்று ஓடுவதில்லையே! மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் எழும் விமானத்தின் சக்கரம் 500 கி.மீ. வேகத்துக்குச் சுழலும். உராய்வு சற்றுக் கூடும், அவ்வளவுதான்.

2008இல் 'மித்பஸ்டர்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தரையில் நீண்ட விரிப்பைப் பரப்பி, அதை வாகனத்தால் பின்னே இழுத்துச் சோதித்தார்கள். அதன்மேல் ஓடிய சிறிய விமானம் எழுந்து பறந்தது. வீட்டிலும் செய்து பாருங்கள்: பொம்மைக் காரை ஒரு தாளின் மேல் வைத்து, ஒரு கையால் காரை முன்னே தள்ளிக்கொண்டே மறு கையால் தாளைப் பின்னே இழுங்கள். கார் நிற்காது.

ஆனால் இதையும் கவனியுங்கள்: டிரெட்மில் இருந்தாலும் ஓடுபாதையின் நீளம் குறையாது. ஸ்மித்தின் இடப் பிரச்சினையை அது தீர்த்திருக்காது.

இப்படிப்பட்ட கேள்விக்கு வகுப்பில் கைதூக்கச் சொல்லி விடை காண்பது அறிவியல் ஆகாது என்பதே என் கருத்து. அன்று வகுப்பில் கை தூக்கச் சொல்லியிருந்தால் தவறான விடைதான் வென்றிருக்கும், என் கையையும் சேர்த்து! எந்த விசை எதைத் தள்ளுகிறது என்று முதலில் கேளுங்கள். ஆசிரியரிடமும் கேளுங்கள்.