தப்பு எழுதினவன் மேலயா, மொழி மேலயா?

"சி மொழியில குறையே இல்லை, எழுதத் தெரியாதவன் கிட்டதான் குறை." நம்ம வகுப்புலயும் சரி, இணையத்துலயும் சரி, இந்த வசனம் அடிக்கடி காதுல விழுது. கேட்க கம்பீரமாத்தான் இருக்கு. ஆனா உண்மை இல்லீங்க.

2019 அக்டோபர்ல லினக்ஸ் கர்னல்ல ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு. சிவிஇ-2019-17666. இடம், ரியல்டெக் வைஃபை சிப்புகளுக்கான ஆர்டிஎல்வைஃபை டிரைவர். வைஃபை டைரக்ட்ல ஒரு மின்சிக்கன வசதி உண்டு. 'இந்த நேரத்துல நான் தூங்கிடுவேன்'னு ஒரு கருவி மத்ததுக்கு அறிவிப்பு அனுப்பும். அதை வெச்சுக்க டிரைவர் ஒதுக்கின இடம் ரெண்டே ரெண்டு. எத்தனை வருதுன்னு கணக்குப் போட்டது, வந்த பாக்கெட்ல எழுதியிருந்த நீளத்தை நம்பி! ரெண்டு பேர் பெஞ்ச்ல பத்து பேரை ஏத்தினா? பக்கத்து நினைவகம் நாசம். வைஃபை எட்டற தூரத்துல நிக்கிறவன், நீங்க எதையும் க்ளிக் பண்ணாமலே கர்னலைக் கவிழ்க்கலாம்.

தீர்வு? 'ரெண்டுக்கு மேல போனா ரெண்டாக்கு.' ரெண்டு வரி, ரெண்டு இடத்துல. அவ்வளவுதான். குறைஞ்சது நாலு வருஷம் இது யார் கண்ணுலயும் படலை.

திறந்த மூலம்னா ஆயிரம் கண் பார்க்கும்னு சொல்றவங்க கொஞ்சம் யோசிக்கணும். மூடின மூலக்காரங்களும் சிரிக்க வேண்டாம். ஐபோன்ல ஏர்டிராப்புக்கு அடியில ஓடற வைஃபை நெறிமுறையிலயும் இதே பஃபர் ஓவர்ஃப்ளோதான். கூகுள் ப்ராஜெக்ட் ஜீரோவின் இயன் பியர், போனைத் தொடாமலே உள்ள இருந்த படத்தை எடுத்துக் காட்டி, 2020 டிசம்பர்ல விலாவாரியா எழுதினார்.

இவங்களுக்கெல்லாம் சி தெரியாதா? தன் பாதுகாப்பு ஓட்டைகள்ல சுமார் 70% நினைவகப் பிழைன்னு 2019ல மைக்ரோசாஃப்டே சொல்லிச்சு. எல்லாருமே கத்துக்குட்டிங்களா என்ன?

ஆண்ட்ராய்டைப் பாருங்க. நினைவக ஓட்டைகளோட பங்கு 2019ல 76%, 2024ல 24%. பழைய நிரலைத் தூக்கிப் போடலை. புதுசா எழுதறதை ரஸ்ட் மாதிரி பாதுகாப்பான மொழிகளுக்கு மாத்தினாங்க. லினக்ஸும் 2022 டிசம்பர்ல, 6.1 பதிப்புல, ரஸ்டுக்குக் கதவைத் திறந்துச்சு.

"ரஸ்ட்ல வழுவே வராதா?" வரும். ஆனா மூணாவது ஆள் ஏறும்போதே நிரல் நின்னுடும். எவனோ அனுப்பினதைப் பக்கத்து நினைவகத்துல கொட்டாது.

'கவனமா எழுது'ங்கறது அறிவுரை. அது பாதுகாப்பு ஆகாது. காத்துல வர்ற பாக்கெட்டைப் பிரிக்கிற புது டிரைவரையும் சி-லதான் எழுதுவேன்னு அடம் பிடிக்கிறவங்கதான் இனி காரணம் சொல்லணும்.

டிஸ்கி: மேல சொன்ன ரெண்டு ஓட்டையையும் எப்பவோ அடைச்சாச்சு. அப்டேட் பண்ணாதவங்களுக்கு மட்டும் இன்னும் திறந்தே இருக்கு :-)