குருவில்லாத் தீவுகளில்

புதியதொரு நாட்டிற்குச் செல்வோர் நிலப்படத்தைக் கையில் எடுத்துச் செல்லலாம். அந்நாட்டைப் பற்றிய நூல்களையும் முன்னதாகவே படித்துக்கொள்ளலாம். ஆயினும், அம்மண்ணிலே பிறந்து, அதன் கடலிலே பிழைத்து, தம் முன்னோரை அதன் கல்லறைத் தோட்டத்திலே அடக்கம் செய்த ஒருவர் உடன் வந்தாலன்றி அவ்விடத்தின் உட்பொருள் நமக்கு விளங்குவதில்லை. மறைபரப்புப் பணியின் வரலாறே இதற்குச் சான்று. 1542-ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், உள்ளூரில் மொழியறிந்தோர் துணைகொண்டே செபங்களைத் தமிழாக்கிப் பரதவ மக்களுக்குக் கற்பித்தார். 1549-ஆம் ஆண்டு, தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று அவர் ஜப்பான் நாட்டின் ககோஷிமா நகரில் இறங்கியபோது, அவருக்கு வழிகாட்டியாக உடனிருந்தவர் மலாக்காவில் அவரைச் சந்தித்த அஞ்சிரோ என்னும் ஜப்பானியரே. புனிதர்களுக்கே வழிகாட்டி வேண்டியிருந்தது என்றால் நம்போன்றோரைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ!

அந்த ஜப்பானின் மேற்குக் கோடியிலுள்ள கோத்தோ தீவுகளைக் காணும் பேறு நமக்கு அண்மையில் கிடைத்தது. நாகசாகித் துறைமுகத்திற்கு மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் கிடப்பவை இத்தீவுகள். 'கோத்தோ' என்ற சொல்லுக்கு 'ஐந்து தீவுகள்' என்பது பொருள்; சிறியனவும் பெரியனவுமாக எண்ணினால் நூற்றுக்கு மேல் வரும். வெப்பமான கடல்நீரோட்டம் ஒன்று கரையைத் தழுவிச் செல்வதால் அங்கே குளிர் கடுமையாக இராது. நம் ஆலமரத்தின் இனத்தைச் சேர்ந்த 'அக்கோ' என்னும் மரம் விழுதிறக்கி நிற்பதைக் கண்டபோது நம்மூர்க் குளக்கரையே நினைவிற்கு வந்தது. மலைச்சரிவெங்கும் 'சுபாக்கி' எனப்படும் கமேலியா மரங்கள் செந்நிறப் பூக்களைச் சொரிந்திருந்தன. அதன் விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய் அம்மக்களுக்குச் சமையலுக்கும் ஆகும், கூந்தலுக்கும் ஆகும்.

நம்மை அழைத்துச் சென்றவர் எழுபது வயதைக் கடந்த பெரியவர். முன்னாளில் மீனவர், இந்நாளில் ஓர் ஆலயத்தின் காப்பாளர். அந்நாட்டில் பணியாற்றும் நம் நாட்டுத் துறவி ஒருவர் உடனிருந்து மொழிபெயர்த்தார். பெரியவர் நம்மை 'ஷிம்புசாமா' என்று அழைத்தார். நம் மக்கள் குருவைச் 'சாமி' என்பதுபோல அவர்கள் வழங்கும் மரியாதைச் சொல் அது.

படகு கரையோரமாகச் செல்கையில் பெரியவர் நமக்கு ஒரு பாடம் கற்பித்தார். கரையில் தெரியும் ஊர்களுள் கத்தோலிக்க ஊர் எது, பிற ஊர் எது என்று கடலிலிருந்தே கண்டுபிடித்துவிடலாமாம். சமநிலம், நல்ல நீர், காற்றுக்கு ஒதுக்கான துறை ஆகியவை வாய்த்த ஊர்கள் பழங்குடிகளுடையவை. செங்குத்தான மலை கடலில் இறங்கும் குறுகிய குடாக்களில், ஏணிப்படிபோல் அடுக்கிய சிறு வயல்களுக்கிடையே நாலைந்து வீடுகள் ஒட்டிக்கொண்டிருந்தால், அது கத்தோலிக்கர் ஊர். காரணத்தையும் அவரே விளக்கினார். கோத்தோவில் நற்செய்தி முதன்முதல் அறிவிக்கப்பட்டது 1566-ஆம் ஆண்டில். மருத்துவமும் அறிந்த இயேசு சபைத் துறவி அல்மெய்தாவும், சவேரியாரிடம் திருமுழுக்குப் பெற்றவரும் பார்வை குன்றியவருமான லொரென்சோ என்னும் ஜப்பானியப் பாணரும் அங்கு வந்து அறிவித்தனர். பின்னர் எழுந்த வேதகலாபனையில் அத்திருச்சபை சிதைந்தது. 1797 முதல் நாகசாகிக்கு வடக்கேயுள்ள சொத்தோமே கரையிலிருந்து, மறைவாக விசுவாசத்தைக் காத்துவந்த குடும்பங்கள் குடியேறின. பிந்தி வந்தவர்களாதலின் பிறர் வேண்டாது விட்ட நிலமே அவர்களுக்குக் கிடைத்தது. “எவருக்கும் வேண்டாத இடம் என்பதால்தான் எவரும் எங்களைத் தேடி வரவில்லை; அதுவும் தேவ பராமரிப்பே” என்றார் பெரியவர்.

அம்மறைந்த வாழ்வு எத்தகையது என்பதை நம் குடும்பங்கள் அவசியம் அறியவேண்டும். 1597 பிப்ரவரி 5-ஆம் நாள் நாகசாகியில் 26 பேர் சிலுவையில் அறையுண்டு இரத்தசாட்சிகளாயினர். அவர்களுள் ஒருவர் 19 வயதுடைய கோத்தோ யோவான். மற்றொருவர் நம் பாரத நாட்டின் வசையில் பிறந்த கொன்சாலோ கார்சியா. 1614-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் கிறிஸ்தவ மறை தடைசெய்யப்பட்டது. 1644-இல் எஞ்சியிருந்த இறுதிக் குருவும் கொல்லப்பட்டார். அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அம்மக்களுக்குத் திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, நற்கருணை இல்லை, அவஸ்தைப்பூசுதல் இல்லை. இருந்ததெல்லாம் இல்லமும் நினைவும் மட்டுமே.

அவர்கள் செய்த ஏற்பாடு எளியது, உறுதியானது. ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் 'சோக்காத்தா'. திருநாள்களின் கணக்கைக் காப்பது அவர் கடமை. பஸ்தியான் என்னும் உபதேசியார் விட்டுச்சென்றதாகக் கூறப்படும் 1634-ஆம் ஆண்டின் திருச்சபை நாட்காட்டியைப் படியெடுத்துப் படியெடுத்து, கிறிஸ்து பிறப்பு, தபசுகாலம், உயிர்ப்புத் திருநாள் ஆகியவற்றைக் கணித்துச் சொல்வார். இன்னொருவர் 'மிசுக்காத்தா', குழந்தைகளுக்குத் தண்ணீர் வார்த்துத் திருமுழுக்கு அளிப்பவர். செபங்களோ வாய்மொழியாகத் தந்தையிடமிருந்து மைந்தனுக்கு வந்தன.

இவையனைத்திலும் நம் உள்ளத்தை உருக்கியது பிறிதொன்று. நாகசாகிப் பகுதியில் ஆண்டுதோறும் ஊர் மக்களைக் கூட்டி, ஆண்டவர் அல்லது தேவமாதாவின் படத்தைக் காலால் மிதிக்கச் செய்வது அக்கால அதிகாரிகளின் வழக்கம். மறுத்தோர் மாண்டனர், மிதித்தோர் வீடு திரும்பி அழுதனர். அழுதுகொண்டே அவர்கள் சொன்னது எது தெரியுமா? நம் பாட்டிமார் நமக்குப் படிப்பித்த உத்தம மனஸ்தாப மந்திரத்தையே! 'கொஞ்சிரிசான்' என்பது அவர்கள் வழங்கிய பெயர். குருவற்ற காலத்தில் மெய்யான மனத்துயரே பாவமன்னிப்புக்கு வழி என்றும், குருவானவர் வரும் நாளில் பாவசங்கீர்த்தனம் செய்வோம் என்று தீர்மானிக்க வேண்டும் என்றும் அதற்கான சிறுநூல் கற்பித்தது. அந்நூலைக் கையால் எழுதி ஏழு தலைமுறை காத்தனர். குருவின்றியே வாழப் பழகிவிட்ட மக்கள் அல்லர் அவர்கள்; குரு வருவார் என்று காத்திருந்த மக்கள்.

அக்காத்திருப்பு வீண்போகவில்லை. 1865 மார்ச் 17-ஆம் நாள், வெளிநாட்டாருக்கென நாகசாகியில் புதிதாகக் கட்டப்பட்ட ஓவுரா ஆலயத்திற்கு உராக்காமி ஊரார் சிலர் வந்தனர். அவர்களுள் ஒரு பெண்மணி பெத்திழான் என்ற பிரெஞ்சுக் குருவை அணுகி, தங்கள் உள்ளமும் அவர் உள்ளமும் ஒன்றே என்று மெல்லச் சொல்லி, தேவமாதாவின் சுரூபம் எங்கே என்று கேட்டார். இச்செய்தி தீவுகளுக்கும் பரவியது. கோத்தோ மக்களும் வெளிப்பட்டனர். ஆனால் தடைச் சட்டம் இன்னும் நீங்கியிருக்கவில்லை.

ஹிசாக்கா தீவில் பெரியவர் நம்மை ஒரு சரிவுக்கு அழைத்துச் சென்று, தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். 1868-ஆம் ஆண்டில், ஏறத்தாழ 20 சதுர மீட்டர் பரப்பே உடைய ஒரு குடிலில், கைக்குழந்தை முதல் கிழவர் வரை சுமார் 200 பேரை அங்கே அடைத்துப் பூட்டினர். நம் வீடுகளில் ஒரு கூடத்தின் அளவு அது. படுக்க இடமில்லை, உட்காரவும் இடமில்லை. காலையும் மாலையும் சர்க்கரைவள்ளிக்கிழங்கின் ஒரு துண்டே உணவு. எட்டு மாதச் சிறையில் 39 பேர் உள்ளேயே மாண்டனர். வெளிவந்தபின் மூவர் மாண்டனர். 1873-இல்தான் தடை அறிவிப்புப் பலகைகள் அகற்றப்பட்டன. அவ்விடத்தில் இன்று நினைவாலயம் நிற்கின்றது. பெரியவர் அங்கே விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அருள் நிறைந்த மந்திரத்தை அவர் தம் மொழியில் தொடங்க, நாம் நம் மொழியில் முடித்தோம்.

விடுதலை பெற்ற ஏழைகள் முதலில் கட்டியது தங்கள் வீடுகளையல்ல, ஆலயங்களையே. இன்று இத்தீவுகளில் ஏறக்குறைய 50 ஆலயங்கள் உள்ளன. நாரு தீவின் எகாமி ஊரார், நம் நெத்திலியைப் போன்றதொரு சிறுமீனைப் பிடித்து விற்ற பணத்தில் 1918-இல் மர ஆலயம் எழுப்பினர். வண்ணக் கண்ணாடிக்குப் பணமின்றி, சாதாரணக் கண்ணாடியில் கையாலேயே பூக்களை வரைந்தனர். காஷிராகா தீவினர் கல்லைத் தாங்களே வெட்டிச் சுமந்து ஏறத்தாழ பத்தாண்டுகள் உழைத்து 1919-இல் கல்லாலயம் கட்டி முடித்தனர். அதன் உட்கூரையெங்கும் மலர் வேலைப்பாடு. இவ்விரண்டையும் இன்னும் பலவற்றையும் அமைத்த கட்டடக் கலைஞர் தெத்சுகாவா யோசுகே, இறுதிவரை பௌத்த நெறியில் வாழ்ந்தவர் என்பது சிந்திக்கத்தக்கது. இவ்வூர்களுள் சில 2018-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

வாசிக்கும் அன்பர்கள் இதுவரை மகிழ்ந்திருப்பீர்கள். இனிச் சொல்வது நம்மையும் உங்களையும் சுடக்கூடியது.

வடக்கே நோசாக்கி என்னும் தீவு. அங்கே நோக்குபி ஊரின் 17 குடும்பத்தார் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த பணத்தில் 1908-ஆம் ஆண்டு செங்கல் ஆலயம் எழுப்பினர். குன்றின்மேல் அது இன்றும் அழகாக நிற்கிறது. சுற்றிலும் மான்கள் மேய்கின்றன. மக்கள் எங்கே? பிழைப்பு நாடி ஒவ்வொரு குடும்பமாக வெளியேற, 1971-ஆம் ஆண்டில் கடைசிக் குடும்பங்களும் சென்றுவிட்டன. வாளும் சிறையும் கலைக்க இயலாத ஊரை, சந்தடியின்றி வந்த பிழைப்பு கலைத்துவிட்டது. பெரியவருடைய ஊரிலும் இன்று முதியோரே மிகுதி. அவருடைய பிள்ளைகளும் பெருநகரங்களில் வாழ்கின்றனர். “உங்களுக்குப்பின் இவ்வாலயத்தின் திறவுகோல் யாரிடம் இருக்கும்?” என்று கேட்டோம். அவர் சிறிது நேரம் கடலைப் பார்த்திருந்தார். பின்னர், “திறவுகோலைப் பற்றி எனக்குக் கவலையில்லை, ஷிம்புசாமா. ஒசாக்காவில் இருக்கும் என் பேரன் இரவில் செபம் சொல்கிறானா என்பதே கவலை. சொன்னால் நாங்கள் இன்னும் இருக்கிறோம், சொல்லாவிட்டால், இங்கே ஆலயம் இருந்தும் நாங்கள் இல்லை” என்றார்.

பிழைப்பிற்காகப் பெயர்வது குற்றமன்று. அப்பெரியவரின் முன்னோரும் பெயர்ந்து வந்தவர்களே. ஆனால் அவர்கள் நாட்காட்டியையும் செபத்தையும் தண்ணீர் வார்க்கும் கையையும் உடன் கொண்டுவந்தனர். நம் பங்குகளிலிருந்தும் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகின்றனர். பெட்டியில் ஊறுகாயும் பொடியும் கட்டித் தருகிறோம். செபத்தைக் கட்டித் தந்தோமா? நமக்குக் கூப்பிடு தூரத்தில் ஆலயம் இருக்கிறது. பூசைக்குக் குரு இருக்கிறார். எவரும் நம்மைத் தேடி வந்து அடைப்பதுமில்லை. நாளை இவையெல்லாம் நீங்கினால், நம் இல்லத்தில் எத்தனை செபங்கள் எஞ்சும்? திருநாள் கணக்கு யாருக்குத் தெரியும்? ஆபத்து வேளையில் குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்கும் முறையை நம்மில் எத்தனை பேர் பிழையின்றி அறிவோம்?

ஆகவே இம்மாதம் ஒரு சிறு முயற்சி செய்வோம். ஒவ்வோர் இல்லத்திலும் இரவு உணவிற்கு முன் குடும்பச் செபமாலையை மீண்டும் தொடங்குவோம். உத்தம மனஸ்தாப மந்திரத்தைப் பிள்ளைகளுக்குப் பொருளோடு கற்பிப்போம். வெளியூரில் வாழும் மக்களோடு தொலைபேசியில் பேசும்போது, 'சாப்பிட்டாயா?' என்று கேட்டபின் 'செபம் சொன்னாயா?' என்றும் அன்போடு கேட்போம். விசுவாசம் என்னும் நாட்டில் நம் பிள்ளைகளுக்கு உள்ளூர் வழிகாட்டிகள் பெற்றோராகிய நீங்களே; பங்குக் குரு எவ்வளவு முயன்றாலும் அவ்விடத்தை நிரப்ப இயலாது. ஹிசாக்காவின் இரத்தசாட்சிகளைத் தாங்கிய ஆண்டவர் நம் இல்லங்களையும் தாங்குவாராக!